சுற்றாடல் பரிசோதகர் போகுமுன் பார்க்கப்படும் குற்றப் பதிவு

ஆலைகளுக்கும் தொழிலிடங்களுக்கும் நேரில் போய்க் கழிவு எப்படி வெளியேறுகிறது என்று பார்க்கும் சுற்றாடல் பரிசோதகர்களின் பாதுகாப்புக்காகக் குற்றப் பதிவுச் சோதனை வேண்டும் என்று யாராவது சொன்னால், கேட்பவர்கள் அதை ஆளுக்கொரு விதமாக விளங்கிக்கொள்கிறார்கள். வேலைக்குச் சேரும் பரிசோதகர் பொலிஸ் ரிப்போர்ட் எடுத்துக்கொடுக்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறார்கள் என்று ஒருவர் நினைக்கிறார். ஆலை வைத்திருப்பவர்கள் எல்லோரையும் குற்றவாளிகளாகப் பார்க்கப்போகிறார்கள் என்று இன்னொருவர் கோபப்படுகிறார். முன்பு வழக்கில் அகப்பட்டவருக்கு உரிமம் கொடுக்காமல் விடுவதற்கான ஏற்பாடு இது என்று மூன்றாமவர் முடிவுசெய்துவிடுகிறார். இந்த மூன்று விளக்கமும் பிழையானவை. ஆனால் மூன்றுக்கும் பின்னால் நியாயமான அச்சங்கள் இருப்பதால், விடயத்தை அடியிலிருந்து சொல்லிக்கொண்டு வருவதே நல்லது என்று நினைக்கிறேன்.

நாய் நிற்கும் வீடு

எங்கள் ஒழுங்கைகளில் பல படலைகளில் ‘நாய் கவனம்’ என்ற பலகை தொங்கும். தபாற்காரர் அந்தப் பலகையை மட்டும் நம்பி வேலை செய்வதில்லை. பலகை தொங்கியும் நாய் செத்து நாலு வருடமான வீடு அவருக்குத் தெரியும். பலகையே இல்லாமல் நாய் பாய்ந்து வருகிற வீடும் தெரியும். அவர் மாற்றலாகிப் போகும்போது, புதிதாக வருபவரிடம், ‘மதகு தாண்டி மூன்றாவது வீட்டில் மணியை அடித்துவிட்டு வெளியிலேயே நில்லுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவார். அதற்காக அந்த வீட்டுக்குக் கடிதம் போகாமல் விடுவதில்லை. வீட்டுக்காரர் நல்லவரா கெட்டவரா என்பதைப் பற்றி அந்த எச்சரிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. கடிதத்தைக் கொடுக்கும் முறை மட்டுமே மாறுகிறது.

சுற்றாடல் பரிசோதகர்களுக்கான குற்றப் பதிவுச் சோதனையும் அடிப்படையில் இதுதான். பரிசோதகர் ஒருவர் ஓர் இடத்துக்குப் போகுமுன், அங்கே அவர் சந்திக்கப்போகிறவரின் பேரில் வன்முறை சார்ந்த குற்றப் பதிவு ஏதும் உண்டா என்பதை அதற்குச் சட்டப்படி அதிகாரமுள்ள ஒரு தரப்பு பார்த்து, போகும் முறையை அதற்கேற்ப ஒழுங்குபடுத்துவதே அந்தச் சோதனை. போவதா விடுவதா என்பது இங்கே கேள்வியே இல்லை. தனியாகப் போவதா இருவராகப் போவதா, எந்த நேரத்தில் போவது, பொலிஸாரைக் கூட அழைத்துப் போவதா என்பனவே கேள்விகள்.

வேலைக்கு ஆட்சேர்க்கும்போது எடுக்கப்படும் பொலிஸ் ரிப்போர்ட்டிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். வெளிநாட்டுக்குப் போக ஆயத்தமான எவருக்கும் அந்த அறிக்கை பழக்கமானது. அதை விண்ணப்பிப்பவர் தம்மைப் பற்றித் தாமே கேட்டுப் பெறுகிறார். அவருடைய சம்மதத்தோடுதான் எல்லாம் நடக்கிறது. பரிசோதகரின் பாதுகாப்புக்கான சோதனையிலோ பார்க்கப்படுகிறவர் கேட்கவும் இல்லை, பெரும்பாலும் அவருக்குத் தெரியவும் தெரியாது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் பின்னால் வரும் சட்டச் சிக்கல்கள் எல்லாம் பிறக்கின்றன.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: சோதிக்கப்படுபவர் பரிசோதகர் அல்லர், அவர் சந்திக்கப்போகிறவர்; சோதனையின் பயன் பயணத்தை ஒழுங்குபடுத்துவதோடு முடிகிறது.

பரிசோதகர் ஏன் ஆபத்தில் நிற்கிறார்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் குடிநீர் சுண்ணாம்புக் கற்பாறைக்குள் தேங்கும் மழைநீர். வற்றாத ஆறு எதுவும் எங்களுக்கு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுகிறது. அந்தப் பாறை துளைகளும் வெடிப்புகளும் நிறைந்தது என்பதால், ஒரு வளவில் நிலத்தில் ஊற்றப்படும் கழிவு எண்ணெய் அயல் வளவின் கிணற்றுக்குப் போவதைத் தடுக்க இடையில் பெரிதாக ஒன்றும் இல்லை. சுன்னாகத்தில் மின் நிலையத்தைச் சூழவிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்ததையும், அதைப் பற்றிய வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தக் கட்டளையிட்டதையும் இங்கே மறந்தவர் இருக்க மாட்டார்கள். பரிசோதகர் ஒருவர் வடிகாலின் வாயில் நின்று ஒரு போத்தல் நீர் எடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அந்த வழக்குக்குப் பிறகு விளக்க வேண்டியதில்லை.

அந்தப் போத்தலை எடுக்கும் அதிகாரத்தின் வேர் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தில் இருக்கிறது. 1988 இல் அது திருத்தப்பட்டபோது, சூழலுக்குக் கழிவை வெளியேற்றும் தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் கட்டாயமானது. பெரிய தொழில்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையும், சிறியவற்றுக்கு அந்தந்த உள்ளூராட்சி மன்றமும் உரிமத்தை வழங்குகின்றன. உரிமம் கொடுக்குமுன்னும், புதுப்பிக்கும்போதும், அயலவர் முறைப்பாடு செய்யும்போதும் யாராவது ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. அரிசி ஆலை, வாகனம் கழுவும் சேர்விஸ் ஸ்டேஷன், சீமெந்துக் கல் அறுக்கும் வளவு, மரம் அரியும் ஆலை, உணவகம் என்று அந்தப் பட்டியல் நீளமானது.

ஓய்வுபெற்ற பரிசோதகர் ஒருவர் தம் பழக்கத்தை ஒருமுறை எனக்குச் சொன்னார். எந்த வளவுக்குப் போனாலும் மோட்டார் சைக்கிளை உள்ளே கொண்டுபோக மாட்டாராம். படலைக்கு வெளியே, முன்சில் வீதியைப் பார்த்தபடி நிறுத்திவிட்டு, திறப்பைக் காற்சட்டைப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு போவாராம். ‘நீர் எடுக்கக் குனிகிற அந்த அரை நிமிடம்தான் எனக்குப் பயம். கையில் போத்தல், கண் போத்தலில், முதுகு ஆட்களுக்கு’ என்றார். இருபத்தைந்து வருட வேலையில் அவர் மேல் ஒருவரும் கை வைக்கவில்லை. இருந்தும் அந்த அரை நிமிடத்தை அவர் மறக்கவில்லை.

பொலிஸ் உத்தியோகத்தரோடு ஒப்பிட்டால் இந்த வேலையின் ஆபத்து தெளிவாகும். பொலிஸாரிடம் சீருடை உண்டு, ஆயுதம் உண்டு, கூப்பிட்டால் வரும் துணை உண்டு. ஒருவருடைய முன்வரலாற்றைக் கேட்டறியும் வழியும் உண்டு. சுற்றாடல் பரிசோதகர் குறிப்பேடும் போத்தலும் கொண்டு, பெரும்பாலும் தனியாக, தமக்கு முன்பின் தெரியாத ஒருவரின் வளவுக்குள் போய், அவருடைய பிழைப்பையே நிறுத்தக்கூடிய ஒரு குறிப்பை எழுதுகிறார். கடமையைச் செய்யும் அரச ஊழியரைத் தடுப்பதற்காகத் தாக்குவது தண்டனைச் சட்டக்கோவையின் 344 ஆம் பிரிவின்படி குற்றம்தான். ஆனால் அந்தப் பிரிவு அடி விழுந்த பிறகு வேலை செய்கிறது. முன்கூட்டியே ஏதாவது செய்ய முடியுமா என்ற கேள்விக்கு ஒரு பதிலாகத்தான் குற்றப் பதிவுச் சோதனை முன்வைக்கப்படுகிறது.

‘ரெக்கோட்’ என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை சங்கதிகள்

‘அவருக்கு ரெக்கோட் இருக்கு’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல் நான்கு வெவ்வேறு நிலைகளை ஒன்றாகக் கட்டிவிடுகிறது. ஒருவர் மீது யாரோ முறைப்பாடு செய்திருக்கலாம். அவர் கைதாகியிருக்கலாம். அவர் மீது நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டிருக்கலாம். கடைசியாக, நீதிமன்றம் விசாரித்து அவரைக் குற்றவாளியாகக் கண்டிருக்கலாம். இந்தக் கடைசி நிலைக்குத்தான் குற்றத்தீர்ப்பு என்று பெயர். முதல் மூன்று நிலைகளிலும் அவர் குற்றமற்றவராகவே கருதப்பட வேண்டியவர்.

வேறு ஊர்களில் இது வெறும் வரைவிலக்கணம். யாழ்ப்பாணத்தில் இது காயம். 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் எத்தனையோ பேர் பிடிக்கப்பட்டு, மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் வைக்கப்பட்டு, குற்றச்சாட்டே இல்லாமல் வெளியே விடப்பட்டார்கள். 2009 க்குப் பிறகு சுமார் 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்களுக்கூடாக வந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் எந்த நீதிமன்றத்தாலும் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டவர்கள் அல்லர். அவர்களில் ஒருவர் இன்று கடன் வாங்கி ஒரு சேர்விஸ் ஸ்டேஷன் போட்டு நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘பதிவு உண்டா’ என்று வரையறையில்லாமல் கேட்கும் ஒரு சோதனை அவருடைய பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறியைப் போட்டுவிடும். அவருடைய தொட்டியிலிருந்து எண்ணெய் கசிகிறதா என்று பார்க்கவரும் பரிசோதகர் பொலிஸ் ஜீப்போடு வந்து இறங்கினால், அயலுக்கு அது என்ன செய்தியைச் சொல்லும் என்பது எங்களுக்குத் தெரியும்.

ஆகவே இந்த ஏற்பாடு நேர்மையாக இருக்க வேண்டுமானால், அது கேட்கும் கேள்வி மிகவும் ஒடுங்கியதாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆளை நேரடியாகத் தாக்கிய, அச்சுறுத்திய, ஆயுதத்தைப் பயன்படுத்திய குற்றங்கள் மட்டும். அவற்றிலும் குற்றத்தீர்ப்பு வரை போனவை மட்டும். அவற்றிலும் அண்மைக் காலத்தவை மட்டும். காசோலை திரும்பிய வழக்கும் குடித்துவிட்டு வாகனம் ஓட்டிய வழக்கும் பரிசோதகரின் பாதுகாப்போடு தொடர்பில்லாதவை. அரசியல் காரணத்துக்காக ஒருவரைப் பற்றி எங்கோ எழுதிவைக்கப்பட்ட புலனாய்வுக் குறிப்பு இந்தச் சோதனையின் பக்கத்திலும் வரக்கூடாது.

சுருக்கம்: முறைப்பாடு, கைது, குற்றச்சாட்டு, குற்றத்தீர்ப்பு என்பன நான்கு வேறு நிலைகள். பாதுகாப்புச் சோதனைக்கு உரியது நான்காவது, அதிலும் வன்முறை சார்ந்த ஒரு சிறு பகுதி.

பெயர் ஒன்று, ஆள் வேறு

ஒருவருடைய பதிவைத் தேடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. கைரேகையைக் கொண்டு தேடுவது ஒன்று; பெயர், பிறந்த திகதி, அடையாள இலக்கம் ஆகியவற்றைக் கொண்டு தேடுவது மற்றது. கைரேகை ஆளை நம்பகமாக இனங்காட்டும். ஆனால் ஆலைக்குப் போகுமுன் ஆலைக்காரரின் கைரேகையைக் கேட்க முடியாது. எனவே பரிசோதகர்களின் பாதுகாப்புக்கான சோதனை நடைமுறையில் பெயர்வழிச் சோதனையாகவே அமையும். அதன் பலவீனம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

தமிழ்ப் பெயர்களை எடுத்துப் பாருங்கள். க. சிவகுமார் என்றால் கந்தையா சிவகுமாரா, கணபதிப்பிள்ளை சிவகுமாரா, கனகரத்தினம் சிவகுமாரா? மூவரும் ஒரே ஊரில், ஒரே வயதில், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களாகக்கூட இருக்கலாம். எங்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. தகப்பன் பெயரே முன்னால் நிற்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் ‘எஸ்’ என்ற எழுத்துக்குப் பிறகு ‘எச்’ சேர்க்கிறார், ஒருவர் சேர்ப்பதில்லை. இறுதியில் ஒருவர் ஒரு ‘ஏ’ போடுகிறார், ஒருவர் இரண்டு போடுகிறார். அதே பெயர் பொலிஸ் பதிவில் சிங்களத்தில் எழுதப்பட்டு, பின்னர் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டால் இன்னொரு வடிவமும் கிடைக்கும். இதனால் இரண்டு விதமான பிழை வருகிறது: பதிவு இல்லாத சிவகுமாரின் தலையில் வேறொரு சிவகுமாரின் வழக்கு விழுகிறது, பதிவு உள்ளவர் எழுத்து வேறுபாட்டினால் தேடலில் அகப்படாமல் போகிறார்.

தேசிய அடையாள அட்டை இலக்கம் இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்க்கும். ஆனால் பழைய அட்டையில் 9 இலக்கங்களோடு ஓர் எழுத்தும், 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் 12 இலக்கங்களும் இருப்பதால், பழைய பதிவுகளைத் தேடுபவர் இரண்டு வடிவத்தையும் அறிந்து தேட வேண்டும். இதைவிடப் பெரிய கேள்வி, யாருடைய இலக்கத்தைத் தேடுவது என்பது. உரிமம் ஒரு கம்பனியின் பெயரில் இருக்கும். கம்பனியின் பணிப்பாளர் கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இருப்பார். பரிசோதகர் படலையைத் தட்டும்போது வருபவர் மேற்பார்வையாளர், காவலாளி, டிப்பர் ஓட்டி, சில வேளை முதலாளியின் மைத்துனர். சட்டத்தின் கண்ணில் பொறுப்பானவர் ஒருவர். வாசலில் கோபத்தோடு நிற்பவர் இன்னொருவர். எந்தப் பதிவேட்டாலும் முழுமையாக நிரப்ப முடியாத இடைவெளி இது.

யார் பார்க்கலாம்

குற்றப் பதிவைப் பொலிஸார் பேணுகிறார்கள் என்பதால் அரசாங்கத்தின் எந்தத் திணைக்களமும் அதைத் திறந்து பார்க்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இந்த விடயம் விரிவாகப் பேசப்பட்டு வரும் அமெரிக்காவை எடுத்துக்கொண்டால், அங்கே சமஷ்டிப் புலனாய்வுப் பணியகம் (எஃப்.பி.ஐ.) 1967 முதல் தேசிய குற்றத் தகவல் நிலையம் என்ற பெரும் கணினித் தொகுப்பை நடத்திவருகிறது. வீதியில் வாகனமொன்றை மறிக்கும் பொலிஸ்காரர் சில வினாடிகளில் அதனிடம் கேட்டு விடை பெறுகிறார். ஆனால் அதிலுள்ள குற்ற வரலாற்றுத் தகவல் குற்றவியல் நீதித்துறை சார்ந்த அமைப்புகளுக்கு, அந்த வேலைக்காக மட்டுமே உரியது. வேறு தேவைக்குக் கொடுப்பதென்றால் அதற்குச் சட்டம் வெளிப்படையாக இடம்கொடுத்திருக்க வேண்டும். நீர் மாதிரி எடுக்கும் சாதாரண சுற்றாடல் பரிசோதகர் குற்றவியல் அதிகாரி அல்லர் என்பதால் அந்தக் கதவு பொதுவாக அவருக்கு மூடியே இருக்கிறது. ஆகவே, அங்கே பரிசோதகர்களுக்காக இந்தச் சோதனை கேட்கப்படும்போது அது சட்டம் பற்றிய விவாதமாகிறது. கணினியும் தொழில்நுட்பமும் ஏற்கெனவே ஆயத்தமாக இருக்கின்றன.

எங்கள் நாட்டில், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், குற்றங்கள், குற்றவியல் வழக்குகள், குற்றத்தீர்ப்புகள் பற்றிய தரவுகளை உடல்நலம், சமயம், அரசியல் கருத்து முதலியவற்றோடு சேர்த்து விசேட வகைத் தரவுகளாக வைத்திருக்கிறது. சாதாரணத் தரவுகளைவிடக் கடுமையான நிபந்தனைகள் இவற்றுக்கு உண்டு. ‘எங்கள் உத்தியோகத்தரின் நன்மைக்காகத்தானே’ என்ற நல்லெண்ணம் மட்டும் அந்த நிபந்தனைகளை நிறைவேற்றிவிடாது.

இங்கே நான் முக்கியமாகக் கருதும் ஒரு பொறிமுறை உண்டு. பதிவைப் பார்ப்பவரும் பரிசோதனைக்குப் போகிறவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. பொலிஸ் பக்கத்தில் பொறுப்பான ஒருவர் பார்க்க வேண்டும்; அவர் திணைக்களத்தில் குறிப்பிட்ட ஒருவருக்கு ‘விசேட கவனம் தேவை’ அல்லது ‘தேவையில்லை’ என்ற அளவில் விடை சொல்ல வேண்டும்; களத்துக்குப் போகிறவருக்கு ‘இருவராகப் போங்கள், காலையில் போங்கள்’ என்ற அறிவுறுத்தல் மட்டும் வந்து சேர வேண்டும். இப்படித் தகவல் படிப்படியாக மெலிந்து வருவதில் இரண்டு நன்மைகள் இருக்கின்றன. ஒருவருடைய பழைய வழக்கு அலுவலகத் தேநீர் மேசைக்கு வராது. அதோடு, முழுக் கதையையும் கேட்டுவிட்டுப் போகும் பரிசோதகர், அந்த ஆளின் வடிகாலைப் பார்க்குமுன் அந்த ஆளைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். சிலர் கடுமையாக எழுதுவார்கள், சிலர் பயத்தில் ஒன்றும் எழுதாமல் வந்துவிடுவார்கள். இரண்டும் கிணற்று நீருக்குக் கேடு.

சுருக்கம்: குற்றப் பதிவைப் பார்க்கச் சட்டத்தின் வெளிப்படையான இடங்கொடுப்பு வேண்டும்; பார்த்ததன் பயன் மட்டுமே பரிசோதகரிடம் போக வேண்டும், பதிவு போகக்கூடாது.

பதிவு வெறுமையாக இருந்தால் பாதுகாப்பா?

இந்த விடயத்தில் மிகவும் ஆபத்தான தவறான எண்ணம் இதுதான். ‘செக் பண்ணினோம், ஒன்றும் இல்லை’ என்ற விடை ஒருவரைக் கவனமில்லாமல் அனுப்பிவைக்கும்.

2014 ஜூலை 29 அன்று அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், குரொப்பா கிறீக் என்ற விவசாயப் பகுதியில், அரசாங்கத்தின் சுற்றாடல் உத்தியோகத்தர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 51. சுட்டவர் 79 வயது விவசாயி. அவருடைய குடும்பம் சட்டவிரோதமாக இயற்கைத் தாவரங்களை அழித்து நிலத்தை வெளியாக்கியது தொடர்பில் அதே திணைக்களத்தோடு ஆண்டுக்கணக்கில் பிணக்கும் வழக்கும் நடந்துகொண்டிருந்தன. உத்தியோகத்தர் தனியாகவும் போகவில்லை. ஒரு சகாவோடு பொது வீதியில் நின்றபோதுதான் அது நடந்தது. 2016 இல் அந்த விவசாயிக்கு 35 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இந்தச் சம்பவத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, இங்கே ஆபத்தின் அடையாளம் பொலிஸ் பதிவேட்டில் தேட வேண்டியதாக இருக்கவில்லை என்பதே. அது திணைக்களத்தின் சொந்தக் கோப்பில், கடிதத்துக்குக் கடிதம் சூடேறிக்கொண்டு வந்த ஒரு பிணக்காக இருந்தது.

எங்களுக்குக் கிட்டிய தூரத்திலும் ஓர் உதாரணம் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்தின் முறப்பநாட்டில் மணல் கடத்தலைப் பற்றிப் பொலிஸில் முறைப்பாடு செய்த கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் 2023 ஏப்ரல் 25 அன்று தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர் களப் பரிசோதனைக்குப் போகவில்லை. ஆபத்து அவரைத் தேடி மேசைக்கு வந்தது. வடமராட்சி கிழக்கின் மணற் பரப்புகளில் இரவில் டிப்பர் ஓடுவதை அறிந்த யாழ்ப்பாணத்தவர் எவருக்கும் இந்தச் செய்தி தூரத்துச் செய்தியாகத் தெரியாது.

ஆகவே, குற்றப் பதிவைவிடப் பல வேளைகளில் அதிகம் உதவுவது ஆபத்துக் குறி என்ற எளிய ஏற்பாடு. முந்திய பயணத்தில் நேரில் நடந்ததைத் திணைக்களமே தன் கோப்பில் எழுதிவைப்பதுதான் அது: தபாற்காரர் அடுத்தவருக்குச் சொல்லிவிட்டுப் போன அதே சொல், எழுத்தில். பிரித்தானியாவில் உள்ளூராட்சி மன்றங்கள் இத்தகைய குறிகளை நெடுநாளாகப் பயன்படுத்துகின்றன. அங்கே தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையாளர் அலுவலகம் வகுத்த வழிகாட்டல் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. குறிப்பிட்ட ஒரு சம்பவத்தின் மேல்தான் குறி போடலாம், ‘ஆளைப் பார்த்தால் சரியில்லை’ என்ற எண்ணத்தின் மேல் போடக்கூடாது; குறி போடப்பட்டதைச் சாதாரணமாக அந்த ஆளுக்கே அறிவிக்க வேண்டும்; குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அதை மறுபடி பார்த்து, தேவையற்றதானால் நீக்க வேண்டும்.

குற்றப் பதிவு, ஆபத்துக் குறி, முறைப்பாட்டின் தன்மை, இடத்தின் அமைப்பு, பயண நேரம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து எடைபோடுவதற்கு இடர் மதிப்பீடு என்று பெயர். குற்றப் பதிவு அந்தத் தராசில் போடப்படும் ஒரு படிக்கல் மட்டுமே. செல்வாக்குள்ளவர் மேல் வழக்கே பதியப்படாமல் போகும் ஊர்களில் அந்தப் படிக்கல்லின் எடை இன்னும் குறைவு.

ஒரு பயணம் எப்படி நடக்கும்

இப்போது எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, கற்பனையான ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். தென்மராட்சியில் ஓர் அரிசி ஆலை. உமிச் சாம்பல் பறந்து கொடியில் காயும் உடுப்பிலும் கிணற்றிலும் விழுகிறது என்று அயல் வீட்டு அம்மா ஒருவர் முறைப்பாடு செய்கிறார். திணைக்களத்தின் பொறுப்பதிகாரி ஆலையின் கோப்பை எடுக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் போன பரிசோதகர், ‘உரிமையாளர் சத்தமிட்டார், படலையைச் சாத்தினார், கை வைக்கவில்லை’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த வரி காரணமாக உரிமையாளரின் அடையாள இலக்கத்தோடு, சட்டம் அனுமதித்த வழியில், பொலிஸாரிடம் கேள்வி போகிறது. ஐந்து வருடத்துக்கு முந்திய காயப்படுத்தல் குற்றத்தீர்ப்பு ஒன்று உண்டு என்பதால், ‘விசேட கவனம் தேவை’ என்று விடை வருகிறது.

பொறுப்பதிகாரி கோப்பின் முன்பக்கத்தில் ஓர் ஆபத்துக் குறியைப் போட்டுவிட்டு, பயணத்தை ஒழுங்குபடுத்துகிறார். முன்னறிவித்தல் கொடுத்தால் சாம்பல் அள்ளப்பட்டுவிடும் என்பதால் அறிவிக்காமலே போக வேண்டும். ஆனால் இருவர் போவார்கள், ஆலையில் ஆட்கள் நிறைய நிற்கும் காலை 10 மணிக்குப் போவார்கள், 10.45 க்கு அலுவலகம் தொலைபேசியில் அழைக்கும், இருவரில் ஒருவரும் எடுக்காவிட்டால் பொலிஸ் நிலையத்துக்கு உடனே சொல்லப்படும். உரிமையாளர் சத்தமிடத் தொடங்கினால் வாதாட வேண்டாம், எடுத்த மாதிரியோடு வெளியே வந்துவிடலாம்; பாதியில் திரும்பி வந்ததற்காக எவரும் விளக்கம் கேட்கப்பட மாட்டார். இந்தக் கடைசி வாக்குறுதி பரிசோதகர்களுக்கு எந்தப் பதிவேட்டையும்விடப் பெரிய கவசம் என்று நான் நினைக்கிறேன்.

ஒன்றும் நடக்கவில்லை. உரிமையாளர் முதலில் முகத்தைத் திருப்பினார், பிறகு சாம்பல் சேரும் இடத்தைத் தாமே காட்டினார், போகும்போது பிளேன்டீ கொடுத்தார். சாம்பலைத் தடுக்கும் மறைப்பு அமைக்க அவருக்கு ஒரு மாதத் தவணை கொடுக்கப்பட்டது. குற்றப் பதிவு இருந்ததால் தவணை குறையவும் இல்லை, இல்லாதிருந்தால் கூடியிருக்கவும் மாட்டாது. சில நாள் கழித்து, கோப்பிலுள்ள குறியைப் பற்றி அவருக்குக் கடிதம் போனது. அவர் அலுவலகத்துக்கு வந்து, அந்தப் பழைய வழக்கு பெரியப்பா மகனோடு எல்லை வேலி பிடுங்கிய சண்டை என்றும், ஆலைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும், தண்டப் பணத்தை அன்றே கட்டிவிட்டதாகவும் சொன்னார். பொறுப்பதிகாரி அவர் சொன்னதையும் கோப்பில் எழுதினார். ‘ஒரு வருடத்தில் மறுபடி பார்ப்போம்’ என்றார்.

அந்த ஒரு வருடத்தில் பரிசோதகர்கள் இரண்டு முறை போய்வந்தார்கள். மூன்றாம் முறை ஒருவர் மட்டும் போனார். அவர் திரும்பிவந்து கொடுத்த அறிக்கையில் மறைப்பின் உயரமும், அயல் கிணற்றைப் பார்த்த விபரமும் இருந்தன. உரிமையாளரைப் பற்றி ஒன்றும் இருக்கவில்லை. பொறுப்பதிகாரி கோப்பின் முன்பக்கத்தில் இருந்த குறியை ஒரு கோட்டால் வெட்டி, திகதி போட்டு, கையெழுத்து வைத்தார்.